தண்ணீரிடம் என்ன கேட்டீர்கள்?

(தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றில், வாசகர் வட்டத்தார் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஒரு குறளில் தொடங்குவது வழக்கம். அது எது என்று உங்களுக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டியில் தொடங்குகிறேன்.

இது தண்ணீரைப் பரிசோதிக்கும் பெட்டி. சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள், கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள், நிறம் ஒப்பிட ஓர் அட்டை, அவ்வளவுதான். 2019-இல் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்கு இதைக் கையாளச் சொல்லித் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. தண்ணீர் பிடிப்பவர், கொண்டுவருபவர், காய்ச்சுபவர், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ராத்திரி கண்விழிப்பவர் எல்லாம் பெண்கள்தானே. ஆனால் நான் போன ஊர்கள் பலவற்றில் இந்தப் பெட்டி ஊராட்சி அலுவலகத்து பீரோவின் உச்சியில் இருந்தது. ஓர் ஊரில் அதன்மேல் பழைய வாக்காளர் பட்டியல் கட்டு. தட்டி இறக்கிப் பார்த்தால் உள்ளே இருந்த மருந்துகளுக்குக் காலாவதித் தேதி கடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலாவதியான மருந்திலும் நிறம் வரும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். வந்த நிறத்தை அட்டையில் ஒப்பிட்டு ஓர் எண்ணையும் எழுதிவிடலாம். ஆனால் அந்த எண்ணுக்கும் நம் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்காது.

நம் மக்களுக்குப் பரிசோதனைக்கூடம் வேண்டியதில்லை, நாக்கு போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தண்ணீரை இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. வாயில் வைத்தால் கரிக்கிறதா, பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்க்கிறோம். இதைக் கேலி செய்ய மாட்டேன். தண்ணீரின் கடினத்தன்மையையும் உப்பையும் பற்றி இது ஏறக்குறைய சரியாகவே சொல்லிவிடும். ஆனால் இந்தத் தருமபுரி மண்ணில் நாக்கு செய்த துரோகம் கொஞ்சநஞ்சமல்ல.

நமக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் ஆண்டுக்கணக்கில் பாறை இடுக்கில் தங்கும்போது அது கரைந்து இறங்குகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் கரையாது. சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்த, சோடா கூடிய மென்னீரில்தான் தாராளமாகக் கரையும். இதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி ஆகும்: பருப்பு வேகாத போரில் ஃபுளோரைடு குறைவாக இருக்கலாம், சோப்பு நன்றாக நுரைக்கிற, வாய்க்கு மெத்தென்று இருக்கிற போரில் அது கூடுதலாக இருக்கலாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் “இதுதான் நல்ல தண்ணி” என்று இரண்டு கிலோமீட்டர் நடந்து குடம் சுமந்து வந்த பெண், தன் பிள்ளையின் பல்லுக்குக் கேட்டையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கக் கூடும். ஃபுளோரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது.

பல்லில் கறை விழுவது, எனாமல் உருவாகிற சிறு வயதில் குடித்த தண்ணீரால். எட்டு வயதுக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு எத்தனை தேய்த்தாலும் அது போகாது. இந்தப் பக்கத்துப் பெண்கள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்று நினைத்த வெளியூர்க்காரர்கள் உண்டு. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். முதுகு மடங்காது, கழுத்து திரும்பாது. 1937-லேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை மருத்துவர்கள் கண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிவிட்டார்கள். அதாவது தகவல் நம் நாட்டிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களில் போர் போட்டோம், தண்ணீர் பீறிட்டு வந்ததும் தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம், குடித்தோம். ஃபுளோரைடு இருக்கிறதா என்று அந்தத் தண்ணீரிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். பரிசோதனை என்பது தண்ணீரிடம் கேட்கும் கேள்வி. கேட்டதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். கேட்காததைத் தானாக வந்து சொல்லாது.

இதற்கு மிகக் கொடிய சாட்சி வங்கதேசம். அங்கே குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். கிருமிக்கு அது நல்ல மருந்து. ஆனால் அந்த வண்டல் மண்ணுக்குள் ஆர்செனிக் இருந்தது. எல்லையின் இந்தப் பக்கம், கொல்கத்தாவில் 1983-இல் தோல் மருத்துவர் கே. சி. சாஹா நோயாளிகளின் உள்ளங்கையையும் பாதத்தையும் பார்த்து, தண்ணீரில் ஆர்செனிக் என்று கண்டுபிடித்துவிட்டார். 1992-இல் பிரிட்டனின் நிலவியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசக் கிணறுகளைப் பரிசோதித்தது. பல தனிமங்களை அளந்தார்கள், ஆர்செனிக்கை அளக்கவில்லை. பின்னால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் லண்டன் வரை வழக்குக்குப் போனார். 2006-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வைத்திருந்தவர்கள் “பரிசோதித்தாயிற்று” என்றுதானே நினைத்திருப்பார்கள்? அந்த அறிக்கை வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளை, இதுபோன்ற பெட்டியோடு வாசல் வாசலாகப் போய்ப் பரிசோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று பம்பின் வாயில் பெயின்ட் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த அறிக்கை புரியும். எனக்குத் தெரிந்த நல்ல ஆய்வறிக்கைகளில் அந்த பெயின்ட்டும் ஒன்று.

நம் பெட்டிக்கு வருவோம். இதில் கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, மிச்சக் குளோரின் என்று பார்க்கலாம். ஆர்செனிக் இல்லை, யுரேனியம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. அவற்றுக்கு ஆய்வகம்தான். ஃபுளோரைடு சோதனை பார்க்க அழகாக இருக்கும். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு வரும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளாக வெளிறும். இதை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். இருவர் தனித்தனியாகப் பார்த்து அளவைச் சொல்லட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட்டுக்கு 45, அதில் பொறுக்கும் பேச்சே கிடையாது. கைக்குழந்தைக்குப் பால் மாவு கலக்கும் தண்ணீரில் நைட்ரேட் கூடினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். உரமும் காரணம், போருக்குப் பக்கத்தில் வெட்டிய கக்கூஸ் குழியும் காரணம். “காய்ச்சிக் கொடுத்தேனே” என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது இன்னும் செறியும்.

இங்கே ஒரு சின்ன விலகல். வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்துக் கம்பி முக்கிய ஒரு கருவியை மின்சாரத்தில் செருகுவாரே, பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுத் தண்ணீர் சாக்கடையாகக் கறுக்கும், அவருடையது தெளிவாகவே இருக்கும். வீட்டிலிருக்கும் அத்தை அதைப் பார்த்துவிட்டு மயங்கி முன்பணம் கொடுத்துவிடுவார். அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்தது அல்ல, கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி அரித்துக் கரையும். அவருடைய தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, அதனால் கம்பி அரிக்கவில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பை அவர் டம்ளரில் போட்டுப் பாருங்கள், அதுவும் கறுக்கும். அவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான்: கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று தெரியாது. மலக்கிருமி இருக்கிறதா என்று அதற்கு ஒன்றுமே தெரியாது.

கிருமிக்குத் தனிச் சோதனை. 1982-இல் குவாலியரில் இருந்த நம் பாதுகாப்பு ஆராய்ச்சி விஞ்ஞானிகள் மஞ்சாவும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய வழியை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். ஒரு சின்னப் புட்டி, உள்ளே மருந்து ஊறிய காகிதம். தண்ணீரை ஊற்றி மூடி, நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலத்தோடு வரும் சில பாக்டீரியாக்கள் இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். உலகத்தில் பல ஏழை நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். குறை இல்லாத சோதனை அல்ல. கந்தக வாடை அடிக்கும் தண்ணீர் கிருமி இல்லாமலேயே கறுக்கும். சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கேட்கும் கணக்கு கண்டிப்பானது: 100 மில்லி தண்ணீரில் ஈ. கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அனுப்புவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில் நான் மாதிரி எடுக்கப் போனேன். கேன் எடுத்துப் போக மறந்துவிட்டேன். பெட்டிக்கடையில் கறுப்பு கூல்டிரிங்க் பாட்டில் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு தடவை அலசிவிட்டு, அதில் பிடித்து வந்தேன். முடிவில் பாஸ்பேட் எகிறிக் கிடந்தது. எங்கே சாக்கடை கலக்கிறது என்று இரண்டு நாள் தேடினோம். அந்தப் பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு என்று எங்கள் ஆய்வகத்து அம்மா ஒருவர் சொல்லிச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேன். பிடிக்கப் போகிற தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு நேர்மாறு: ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய பாட்டில், அலசவே கூடாது. குழாய் வாயைச் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பஸ்ஸில் மறுநாள் போன பாட்டில், தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பஸ் பயணத்தைப் பற்றித்தான் சொல்லும்.

எந்தக் குழாய், எந்த நாள் என்பதும் கேள்வியின் பகுதிதான். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியில், ஃபுளோரைடுக்காகவே தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் கொண்டுவந்த பெரிய காரியம். அது இல்லாத காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் தொட்டியில் எதை ஏற்றுகிறோம்? பழைய போர் தண்ணீரைத்தான். காவிரி வந்த நாளில் மாதிரி எடுத்தால் ஊர் பாஸ். போர் ஓடிய நாளில் எடுத்தால் ஃபெயில். பரிசோதிக்க வருகிறவர் வருவது தெரிந்தால் எந்தத் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயும் அப்படியே. தொட்டிக்குக் கீழே உள்ள முதல் குழாயில் எடுத்தால் குளோரின் இருக்கும். கடைக்கோடித் தெருவில் எடுக்க வேண்டும். கடைக்கோடியில் எந்தத் தெரு இருக்கும் என்பது நம் ஊர்களில் பைப் போட்ட அன்றைக்கு முடிவானது அல்ல. அது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அந்தத் தெருவில்தான் மாதிரி எடுக்க வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு வெளிநாட்டு ஊரின் கதை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 5,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு. நம் பெரிய ஊராட்சி ஒன்றின் அளவு. பணக்கார நாடு, ஆய்வகம் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 8 முதல் 12 வரை அங்கே பெருமழை. ஊருக்குத் தண்ணீர் தரும் ஐந்தாம் எண் கிணறு ஆழம் குறைந்தது. பக்கத்தில் மாட்டுப் பண்ணை. சாண எரு மழையில் கரைந்து கிணற்றில் இறங்கியது. பண்ணைக்காரர் மேல் தப்பில்லை, அவர் முறைப்படிதான் எரு போட்டிருந்தார் என்று பின்னால் விசாரணையில் சொன்னார்கள். தப்பு எங்கே என்றால், குளோரினில்.

கிணற்றில் அழுக்கு இறங்கினால் போடுகிற குளோரின் அதைத் தின்பதிலேயே தீர்ந்துபோகும், மிச்சம் இருக்காது. மிச்சக் குளோரினைத் தினமும் அளந்திருந்தால் ஒரு நாளுக்குள்ளேயே தெரிந்திருக்கும். அங்கே இருந்த ஊழியர்கள் தினமும் அளக்கவில்லை. அளந்ததாக நோட்டில் எழுதினார்கள். பல நாட்களுக்கு ஒரே எண்: 0.5 அல்லது 0.75. ஊரே வாந்தி பேதியில் விழப்போகிற நாட்களிலும் நோட்டில் 0.75 இருந்தது. மாதிரி பாட்டிலில் எந்த இடம் என்று எழுதுவதிலும் பொய். அவர்கள் கெட்டவர்கள் அல்ல என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் பயமுறுத்துவது. அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். நம் ஊர்த் தண்ணிக்கு என்ன, கண்ணாடி மாதிரி இருக்கிறது, குளோரின் போட்டால் ஜனங்கள் வாடை அடிக்கிறது என்கிறார்கள் என்று நினைத்தார்கள். நம் ஊர்த் தொட்டி ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொல்வதும் இதுதானே?

மே 15-இல் எடுத்த மாதிரி, 17-ஆம் தேதி ஆய்வகத்தில் ஈ. கோலி காட்டியது. ஆய்வகம் முடிவை அந்த ஊரின் தண்ணீர் வாரியத்துக்கு மட்டும் அனுப்பியது. சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் அன்றைக்கு அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகள் ரத்த பேதியோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கியதும், 19-ஆம் தேதி சுகாதார அதிகாரிகள் வாரியத்தைக் கேட்டார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. அறிக்கை மேசையில் இருந்தது. 20-ஆம் தேதி வாரியத்துப் பணியாளர் ஒருவர் பெயர் சொல்லாமல் அரசின் அவசர எண்ணுக்குப் போன் செய்தார். 21-ஆம் தேதி, தண்ணீர் வாரியத்தை நம்பாமல் சுகாதாரத் துறையே தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவித்தது. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர்.

நீதிபதி ஓகானர் தலைமையில் விசாரணை நடந்தது. அந்தக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று எழுதினார். 2002-இல் அந்த மாகாணம் குடிநீருக்குப் புதுச் சட்டம் போட்டது. நான் அந்தக் கதையில் அந்த நான்கு நாட்களிலேயே நின்றுவிடுகிறேன். மே 17 முதல் 21 வரை. கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது, பதிலும் சரியாக வந்தது, ஆனால் குடிக்கிறவருக்கு அது வந்து சேரவில்லை. வங்கதேசத்தில் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்; வாக்கர்டனில் பதிலை மேசையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது நம் ஊர். ரசாயனச் சோதனை வருடத்துக்கு ஒரு தடவையாவது, கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தடவையாவது நடக்க வேண்டும் என்பது நாடு முழுதுக்கும் உள்ள வழிமுறை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம் தோறும் ஆய்வகம் இருக்கிறது. அறிக்கை வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அங்கே சொல்வார்கள். அது யார் கையில் இருக்கிறது? ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் கோப்பைத் தேட வேண்டும் என்பார். தொட்டிச் சுவரில் “சுத்தம் செய்த தேதி” என்று பெயின்ட்டில் எழுதுகிறோம். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி எழுத இடம் இருக்கிறது: ஃபுளோரைடு இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு, கடைசிக் குழாயில் குளோரின் இவ்வளவு, எடுத்த நாள் இது. கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. தினமும் ஒரே எண் எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு நம் மாநிலத்தில் கிராம சபை உண்டு. அந்தச் சபையில் எழுந்து, நம் ஊர்த் தண்ணீரின் கடைசி அறிக்கையை உரக்கப் படியுங்கள் என்று கேளுங்கள். படித்து முடித்ததும், எந்தக் குழாயில் எடுத்தது, எந்தத் தேதியில், அன்றைக்கு ஓடியது ஒகேனக்கல் தண்ணியா போர் தண்ணியா என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பேச்சு போதும். வெளிச்சம் இருக்கும்போதே பெட்டியைத் திறந்துவிடலாம். யாராவது ஒருவர் ஓடிப்போய்க் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வாருங்கள். கூல்டிரிங்க் பாட்டில் மட்டும் வேண்டாம்.